வீங்கிய காலும் குளிர்ந்த காலும்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

"என் அம்மாவுக்கு வயது 66. மழையில் நனைந்த முற்றத்தில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. நீர்வீக்கம் என்று நினைத்து நான்கு நாள் தைலம் போட்டு உழிந்தோம். ஐந்தாம் நாள் காலை கழிப்பறைக்குப் போய் வந்தவர் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தார். காலில் உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டார், இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதம் கழித்து என் தாய்மாமாவுக்கு ஒரு ராத்திரி 9 மணிக்கு வலது காலில் திடீரென்று தாங்க முடியாத வலி. அவருக்கு வயது 61, பீடிப் பழக்கம் உண்டு. அம்மாவுக்கு வந்ததுதான் இவருக்கும் என்று எண்ணி, அம்மாவின் மாத்திரையில் ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சூடாக ஒத்தடமும் கொடுத்தோம். கால் வீங்கவில்லையே என்று விடியும்வரை பொறுத்திருந்தோம். காலையில் பாதம் வெளுத்து, தொட்டால் தெரியாமல், அசைக்க முடியாமல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் டாக்டர்கள் சொன்ன பெயர் ரத்தக்கட்டிதான். ஒரு கால் வீங்குவதும் மற்றொன்று வெளுப்பதும் ஏன்? எப்படிப் பிரித்தறிவது? இது எங்கள் குடும்பத்து நோயா? என் தம்பி மனைவி 7 மாத கர்ப்பிணி, அவளுக்கும் வருமா? நான் கொடுத்த மாத்திரையால்தான் மாமாவின் கால் போயிற்றா?"

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விதான் உங்களை உறங்கவிடாமல் செய்கிறது என்று கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது. அதற்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, அந்த மாத்திரையால் கால் போகவில்லை. ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

நம் ஊரில் இந்த நோயைப் பற்றிய குழப்பத்தின் பாதி அதன் பெயரிலேயே இருக்கிறது. அடிபட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கன்றி நீலமாகத் தெரிவதை நாம் ரத்தக்கட்டு என்கிறோம். அதற்குப் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவதும், எண்ணெய் தேய்த்து உழிவதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அங்கே ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தசையில் தங்கியிருக்கிறது. மருத்துவர் ரத்தக்கட்டி என்று சொல்வதோ, குழாய்க்கு உள்ளேயே ரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொள்வதை. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் மருத்துவர் கட்டி என்று சொல்ல, வீட்டார் காதில் கட்டு என்று விழுந்து, மாலையிலேயே தைலப் புட்டி வெளியே வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, ரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்றே அழைப்பதால், "நரம்பில் ரத்தம் கட்டிவிட்டது" என்ற ஒரே வாக்கியம் நான்கைந்து வெவ்வேறு நோய்களுக்குப் பயன்படுகிறது.

குழாய்கள் இரண்டு வகை. இதயத்திலிருந்து உறுப்புக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்வது தமனி. உறுப்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் நம் வயல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தண்ணீர் கொண்டுவரும் சானல் அடைத்துக்கொண்டால் வயல் காய்ந்து வெடிக்கும். தண்ணீரை வெளியேற்றும் வடிகால் அடைத்துக்கொண்டால் அதே வயல் நீர் தேங்கி அழுகும். உங்கள் அம்மாவுக்கு அடைத்தது வடிகால். ஆகவே கால் வீங்கிச் சூடாக இருந்தது. மாமாவுக்கு அடைத்தது சானல். ஆகவே கால் வெளுத்துக் குளிர்ந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும், காட்டும் குணங்களும் செய்யும் கேடும் நமக்குக் கிடைக்கும் கால அவகாசமும் முற்றிலும் வேறு.

சிரையில் ரத்தம் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஓடுகிறது. காலிலிருந்து மேல்நோக்கி ஏறுவதற்குக் கெண்டைத் தசை சுருங்கிப் பிழிந்து தள்ள வேண்டும். தள்ளிய ரத்தம் திரும்பிவிடாமல் சிரைக்குள்ளிருக்கும் வால்வுகள் தடுக்க வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டால் தசை வேலை செய்யாது. ரத்தம் வால்வுகளின் பின்புறப் பைகளில் தேங்கும். அங்கேதான் உறைவு பெரும்பாலும் தொடங்குகிறது. ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே, ஓரிடத்தில் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டுபோய் வேறோரிடத்தை அடைக்கிறது என்று நிறுவினார். ஓட்டத்தின் தேக்கம், குழாய்ச் சுவரில் காயம், ரத்தம் எளிதில் உறையும் தன்மை என இன்று அவர் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களும் உங்கள் அம்மாவிடம் ஒன்றுகூடியிருந்தன: அசையாமல் படுத்திருந்தார், எலும்பு முறிவும் அறுவையும் குழாய்களைக் காயப்படுத்தின, காயத்தை ஆற்றுவதற்காக உடலே ரத்தத்தை உறையும் பக்கமாகச் சாய்த்திருந்தது.

இதன் குணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் ஒரு காலில் மட்டும், ஓரிரு நாட்களில் வீக்கம் தோன்றும். கெண்டைக்கால் இறுக்கிக் கட்டியதுபோல் கனக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் வலி கூடும். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் குறையும். மறுகாலோடு ஒப்பிட்டால் தோல் சூடாகவும் சற்றுச் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும். ஆழத்தில் வழி அடைபட்டதால், தோலின் மேற்பரப்பில் முன்பு தெரியாத சிரைகள் புடைத்துத் தெரியலாம். நாங்கள் ஒரு தையல்நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முன்துருத்தும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரு கால்களையும் அளப்போம். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஐயம் வலுக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டையில் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைச் சிலர் இன்னும் செய்கிறார்கள். அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. கட்டி இருந்தும் வீக்கமோ வலியோ இல்லாதவர்களும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடைப்பு இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரையில் என்றால், கெண்டையோடு நிற்காமல் தொடையும் சேர்ந்து அரைவரை, அதாவது தொடையிடுக்குவரை, முழுக்காலும் வீங்கும். இது இடது காலில் கூடுதலாகக் காணப்படுவதற்கு உடலமைப்பே காரணம்: வலது காலுக்குச் செல்லும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் குறுக்கே, அதை முதுகெலும்போடு அழுத்தியபடி கடந்துபோகிறது. அரிதாகச் சிலருக்கு அடைப்பு மிகப் பெரிதாகி, கால் நீலம்பாரித்து, வீங்கி விண்ணென்று வலிக்கும். வடிகால் அடைந்த வெள்ளத்தால் சானலிலும் நீர் ஏற முடியாமல் போகிற அந்த நிலையில், சிரை நோய் என்று அவகாசம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒற்றைக்கால் வீக்கம் எல்லாமே ரத்தக்கட்டி ஆகிவிடாது. யானைக்கால் நம் கடலோரத்துப் பெரியவர்கள் நன்கறிந்த நோய். நான் தொழிலுக்கு வந்த புதிதில், இடது கால் வீங்கி வந்த ஒரு மீனவரை அந்தக் கண்ணோடு பார்த்து, யானைக்காலுக்கான மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். மூத்த மருத்துவர் ஒருவர் அவரைத் தற்செயலாக வராந்தாவில் பார்த்து, "இந்தக் கால் போன வாரம் எப்படி இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நல்லாத்தான் இருந்தது" என்றார் அவர். யானைக்கால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும் நெறிகட்டுதலோடும் வளர்வது. ஒரு வாரத்தில் வீங்கிவிட்ட காலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். அன்றுமுதல் வீங்கிய காலைத் தொடுமுன் எத்தனை நாளாக என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தோலில் கிருமி புகுந்து வரும் வீக்கத்தில் காய்ச்சலும், எல்லை தெரியும்படி பரவும் சிவப்பும், பெரும்பாலும் விரலிடுக்கில் ஒரு புண்ணும் இருக்கும். இரண்டு கால்களும் சமமாக வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதால்தான் டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறோம். ஸ்கேன் கருவியால் சிரையை அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாகிவிடும். கட்டி உள்ள சிரை அமுங்காது. சோதனையின் சாரம் அவ்வளவுதான்; ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை: ஐயம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு அது இயல்பாக இருந்தால் கட்டி இல்லை என்று நிம்மதி கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் கட்டி உண்டு என்று பொருளாகாது; அறுவைக்குப் பின்னும், கர்ப்பத்திலும், காய்ச்சலிலும், வயதானவர்களிடமும் அது தானாகவே கூடியிருக்கும். பரிசோதனைக் கூடத்து அறிக்கையில் சிவப்பில் அச்சிட்ட அந்த எண்ணைப் பார்த்துப் பதறிப்போய் வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.

இனி உங்கள் அம்மாவின் ஐந்தாம் நாள் காலை. காலின் சிரையில் பிறந்த கட்டி பிய்த்துக்கொண்டால், மேலேறி இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலில் போய்ச் சிக்கும். "மூளைக்கு ஏறிவிடுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள், இதயத்தின் இரு பக்கங்களுக்கும் நடுவே துளை ஏதும் இருந்தாலொழிய, காலின் சிரைக் கட்டிக்கு மூளைக்குச் செல்லும் வழி இல்லை. நுரையீரலில் சிக்கினால் திடீரென்று மூச்சு வாங்கும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் ஒரு பக்கம் குத்தும், நாடி வேகமெடுக்கும், சிலருக்கு இருமலில் ரத்தக் கோடு தெரியும். கட்டி பெரிதானால் முதல் குணமே மயக்கமாக இருக்கலாம், அதுவும் நாட்கணக்கில் படுத்திருந்தவர் எழுந்து கழிப்பறைக்குப் போய்வரும் வேளையில். எக்ஸ்-ரே தெளிவாகவே இருக்கலாம். இசிஜியில் வேகமான துடிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். ஆகவே "எக்ஸ்-ரேயும் இசிஜியும் நார்மல்" என்பது இங்கே ஆறுதல் ஆகாது. மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் உறுதி செய்யும்.

உழிந்ததால்தான் அந்தக் கட்டி நகர்ந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உழியாமலும் கட்டிகள் நகர்கின்றன. எனினும் புதிதாக உறைந்த கட்டி சிரையின் சுவரில் இன்னும் ஒட்டிப்பிடிக்காமல் நீண்டு மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் கெண்டையைக் கீழிருந்து மேலாக அழுத்தி உழிவது, நாம் அஞ்சும் காரியத்தை நாமே செய்வதற்கு ஒப்பாகும். வர்மமும் உழிச்சலும் நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அனுபவம் மிக்க ஆசான்களை நான் மதிக்கிறேன். புதிதாக வீங்கிய ஒற்றைக்காலை, டாப்ளர் பார்க்குமுன் எவர் கையும் உழியக் கூடாது என்பது மட்டுமே நான் கேட்டுக்கொள்வது.

அடுத்து மாமாவின் இரவு. தமனியில் ரத்தம் அழுத்தத்தோடு பாய்கிறது. அது நின்றுபோன கணத்திலேயே உறுப்பு பசியால் துடிக்கத் தொடங்கும். ஆகவே வலி மணி பார்த்துச் சொல்லும்படி திடீரென்று வரும். 9 மணிக்கு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் துல்லியமே நோயின் ஒரு குணம். அம்மாவின் வீக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று உங்களால் சொல்ல முடியாது. வலியைத் தொடர்ந்து கால் வெளுக்கும், குளிரும், பாதத்தின் நாடி மறையும். பிறகு மரத்துப்போகும், அதன்பின் விரல்களை அசைக்க முடியாமல் போகும். இந்த வரிசை முக்கியமானது. ரத்தம் இல்லாமல் முதலில் செத்துப்போவது உண்மையான நரம்பு, அடுத்தது தசை, கடைசியில்தான் தோல். மரத்துப்போய்விட்டதும் வலி குறைவதுபோல் தோன்றும். வீட்டார் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் காலின் ஆயுள் முடியப்போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது நாங்கள் கைக்கொள்ளும் கணக்கு. பக்கவழிக் குழாய்கள் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடும், இல்லாதவர்களுக்கு அதுவும் இருக்காது. தோலில் நீலத் திட்டுகள் தோன்றி, அழுத்தினாலும் வெளுக்காமல் நிலைத்துவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

பாதத்தின் நாடியைப் பார்க்க நீங்களே கற்றுக்கொள்ளலாம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து மேல்நோக்கி இரண்டு விரல்களை மெதுவாக நகர்த்தினால் புறங்காலின் நடுவில் ஒன்றும், உட்புறக் கணுக்காலின் பின்னால் மற்றொன்றும் துடிப்பது தெரியும். புறங்கால் நாடி சிலருக்கு இயல்பாகவே கைக்குக் கிடைக்காது. ஆகவே மறுகாலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. ஆனால் ஒன்று: வலியால் ஒருவர் துடிக்கும்போது நாடியைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கால் குளிர்ந்து வெளுத்திருந்தால் 108-ஐ அழையுங்கள். காலை உயர்த்த வேண்டாம். உயர்த்தினால் எஞ்சியிருக்கும் ஓட்டமும் இறங்கிவிடும். உணர்ச்சி குறைந்த தோல் எளிதில் வெந்துபோகும் என்பதால் ஒத்தடம் வேண்டாம், ஐஸும் வேண்டாம். அறுவை தேவைப்படலாம் என்பதால் உண்ணக் கொடுக்க வேண்டாம். வலி தொடங்கிய மணியை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டறிந்து நேரே அங்கே போவது நல்லது. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தாருக்கு நாகர்கோவிலைப் போலவே திருவனந்தபுரமும் கைக்கெட்டும் தூரம்தான், சாலை நெரிசல் மட்டும் கணக்கில் வர வேண்டும்.

நேரத்தில் போனால் என்ன செய்வார்கள் என்பதையும் சொல்கிறேன். 1960-களின் தொடக்கத்தில் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்கர், மெல்லிய குழாயின் நுனியில் ரப்பர் கையுறையின் விரல் நுனியைக் கட்டி ஒரு குட்டி பலூன் செய்தார். மீன்பிடிப்பில் ஆர்வமுள்ளவர்; தூண்டில் கட்டும் முடிச்சுப் போட்டுத்தான் அதைக் கட்டினார். அரையில் சிறு கீறலிட்டு, குழாயைக் கட்டிக்கு அப்பால் செலுத்தி, பலூனை ஊதி வெளியே இழுத்தால் கட்டியும் உடன் வந்துவிடும். ரப்பர் பாலும் தூண்டில் முடிச்சும் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதுமே எளிதாக இருந்திருக்கிறது. அதற்குமுன் பெரிய அறுவையும் பெரிய இழப்புமாக இருந்த நோய், அந்தக் குழாயால் முக்கால் மணி நேர வேலையாகச் சுருங்கக்கூடியதாயிற்று, கால் உயிரோடு இருக்கும்போது வந்தால்.

மாமாவுக்கு அந்தக் கட்டி எங்கிருந்து வந்தது? சில வருடங்களுக்கு முன் இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று ஒருவர் மாத்திரை கொடுத்ததாகவும், அதை அவர் நிறுத்திவிட்டதாகவும் உங்கள் கடிதத்தின் இன்னொரு பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் மிக முக்கியமான வரி அதுதான். துடிப்பு ஒழுங்கற்றுப்போனால் இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அங்கிருந்து தெறிக்கும் கட்டி தமனி வழியே எங்கும் போகலாம். தொடைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சிக்கினால் கால். மூளையில் சிக்கினால் பக்கவாதம். குடலில் சிக்கினால், தொட்டுப்பார்த்தால் மென்மையாக இருக்கும் வயிற்றில் அதற்குப் பொருந்தாத அளவு கடும் வலி. கண்ணில் சிக்கினால் வலியே இல்லாமல் ஒரு கண்ணின் பார்வை இருண்டுபோதல். மாமா அந்த இரவில் வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறி விழுந்திருந்தாலும் மூலகாரணம் இதுவாகவே இருந்திருக்கும். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே எல்லை. ஆகவே மாமாவுக்குக் கால் போனதோடு நோய் முடிந்துவிடவில்லை; இசிஜியும் எக்கோவும் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அவர் தொடர்ந்து உட்கொள்ள வேண்டுமா என்று இதய மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின் என்ற பழைய வகை மாத்திரையே ஏற்றது, புதிய வகை மாத்திரைகள் அவர்களுக்குப் பொருந்தாது. திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வை நெஞ்சில் தாங்கியவர்கள் நம் பக்கத்திலும் இருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

பீடியை நான் மறக்கவில்லை. இதயத்திலிருந்து தெறித்து வராமல், கொழுப்புப் படிந்து குறுகிய தமனியிலேயே கட்டி உண்டாவதும் உண்டு. அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். குறிப்பிட்ட தூரம் நடந்தால் கெண்டை இழுத்துப் பிடிக்கும், நின்றால் சரியாகிவிடும். முன்பு கோயில்வரை ஒரே மூச்சில் நடந்தவர், இப்போது பாதி வழியில் பெட்டிக்கடையில் நின்று பேச்சுக் கொடுப்பார். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் எரியும். கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டால்தான் உறக்கம் வரும். சிரை நோயாளி காலை உயர்த்திச் சுகம் காண்பார், தமனி நோயாளி தொங்கவிட்டுச் சுகம் காண்பார் என்பதை நினைவில் வையுங்கள். காலின் முடி உதிர்ந்து தோல் பளபளக்கும், நகம் தடிக்கும், விரல் நுனி கறுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் வலி தெரியாமலேயே நேரே கறுப்பில் வந்து நிற்கும். 45 வயதுக்குள் இளைஞர்களுக்கே பீடியும் சிகரெட்டும் கை கால்களின் சிறிய குழாய்களை அடைத்து விரல் விரலாகப் பறிக்கும் ஒரு நோயும் உண்டு. புகையை முற்றாக விட்டால் நிற்கும், ஒன்றிரண்டாகக் குறைத்தால் நிற்காது. மாமாவுக்கு இன்னும் ஒரு கால் இருக்கிறது. அதன் நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடும்ப நோயா என்று கேட்டீர்கள். இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் தனித்தனியே தெளிவான காரணம் இருப்பதால், உங்களுக்கு விலையுயர்ந்த பரிசோதனைகள் எதுவும் இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. ரத்தம் எளிதில் உறையும் பிறவிக் குறைகள் உண்டுதான். 50 வயதுக்குள் காரணமின்றிக் கட்டி வந்தவர், மீண்டும் மீண்டும் வந்தவர், மூளை, குடல் போன்ற வழக்கமில்லாத இடங்களின் சிரைகளில் வந்தவர் ஆகியோரிடம்தான் அவற்றைத் தேடுவோம். அதையும் கட்டி புதிதாக இருக்கும்போதோ மாத்திரை சாப்பிடும்போதோ செய்தால் முடிவு தவறாக வரும். சிரையிலும் தமனியிலும் ஒரே ஆளுக்குக் கட்டி வருவதும், அடிக்கடி கரு கலைவதும் சேர்ந்திருந்தால் மட்டும் வேறொரு நோயைத் தேட வேண்டும். இன்னொன்று: எந்தக் காரணமும் இல்லாமல் வயதானவருக்குச் சிரையில் கட்டி வந்தால் உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். உங்கள் அம்மாவுக்கு எலும்பு முறிவே காரணம் என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

தம்பி மனைவியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை, கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களில்தான் ஆபத்து மிகக் கூடுதல். கர்ப்பிணிக்கு இரண்டு பாதங்களும் மாலையில் வீங்குவது சாதாரணம். இடது கால் மட்டும் தொடைவரை வீங்கினாலோ, அரையில் வலித்தாலோ அன்றே டாப்ளர் பார்க்க வேண்டும். சிகிச்சை தேவைப்பட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசி கொடுக்கலாம், அது குழந்தையைச் சென்றடையாது. வார்ஃபரின் கருவுக்குக் கேடு செய்யும். பிள்ளை பெற்றவளை எழவிடாமல் படுக்க வைத்து, வயிறு போடும் என்று தண்ணீரையும் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி நிறுத்துங்கள். அவளைச் சீக்கிரமே எழுந்து நடக்க வைப்பதும், தாகம் தீரக் குடிக்க வைப்பதும் கட்டியைத் தடுக்கும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு ஆகியவை பேறுகாலத்தில் வந்தால் மூளையின் சிரையில் அடைப்பு இருக்கக்கூடும். அதைப் பிரசவ ஜன்னி என்றோ கண்ணேறு என்றோ எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள்: கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, கட்டி வந்த குடும்பத்துப் பெண்கள் மருத்துவரைக் கேளாமல் விழுங்கத் தக்கதன்று.

அம்மாவின் மாத்திரையைக் குறைந்தது 3 மாதமாவது தவறாமல் கொடுங்கள். அதன்பின் நிறுத்துவதா என்று மருத்துவரே சொல்வார். அது வார்ஃபரின் வகையானால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையின் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கைக்கீரையை விலக்க வேண்டியதில்லை; ஒரு வாரம் தினமும், மறுவாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடட்டும். புதிய வகையானால் ஐ.என்.ஆர். தேவையில்லை, ஆனால் ஓரிரு வேளை தவறினாலே பாதுகாப்பு போய்விடும். இடுப்பு வலிக்கு ஊசி போடுவதும், கடையில் வலிமாத்திரை வாங்குவதும் கூடாது. மலம் தார்போல் கறுத்தால் உடனே காட்டுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அம்மா சாப்பிடும் வகை மாத்திரை புதிய உறைவு வளராமல் தடுக்குமே தவிர, அடைத்துக்கொண்ட கட்டியைக் கரைத்து வழிவிடாது. ஆகவே அது மாமாவின் காலைக் காப்பாற்றவில்லை, கெடுக்கவும் இல்லை. அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம் என்பதால் அதைக் கொடுத்ததை மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கால் போனது 9 மணிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில். வீங்கவில்லையே என்று நீங்கள் பொறுத்திருந்தது, ஏற்கெனவே பார்த்திருந்த ஒரே ரத்தக்கட்டி வீங்கியது என்பதால்தான். குளிர்ந்த காலை உங்களுக்கு எவரும் காட்டித்தந்திருக்கவில்லை. இதய மருத்துவர் மாமாவுக்கும் அதே மாத்திரையை எழுதக்கூடும். எழுதினாலும் அளவும் வேளையும் வேறாக இருக்கும். இருவர் மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.